நுனியில் 2 சதவீதம்: டிக் வெல்டிங் டங்ஸ்டன் ராடுகள், நிறம் நிறமாக

டிக் என்றும் சொல்லும் ஆர்கான் வெல்டிங்கில் ஆர்க், அதாவது மின்வில், எழுவது டங்ஸ்டன் ராடின் நுனியிலிருந்து. சாமான் விற்கும் கடையில் அந்த ராடைக் கேட்டால் கம்பெனிப் பெயரைவிட நிறத்தைத்தான் முதலில் கேட்பார்கள். சிவப்பா, நீலமா, தங்கமா, பச்சையா? பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒரே சாம்பல் கம்பிதான். ஒரு முனையில் தொட்டிருக்கும் பெயின்ட் மட்டும் வேறு. பெரும்பாலான நிறங்களில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு டங்ஸ்டன்தான். நாம் காசு கொடுத்துத் தேர்ந்தெடுப்பது மீதி 2 பங்கை. அது என்ன ஆக்சைடு, கம்பிக்குள் எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது, ஆர்க் எரியும்போது நுனிக்கு எவ்வளவு நேரம் வந்துகொண்டே இருக்கும், இந்த மூன்றிலும்தான் ராடின் தரம் இருக்கிறது. பெயின்ட் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். அதையும் சில நேரம் தப்பாகச் சொல்லும்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். இன்வர்ட்டர் மெஷினில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), எம்.எஸ். (சாதாரண இரும்பு), அலுமினியம் எல்லாம் கலந்து ஓட்டும் பட்டறைக்கு 2 சதவீத லாந்தனம் ஆக்சைடு உள்ள நீல முனை ராடே போதும். 2.4 மி.மீ. ஒரு பெட்டி, 1.6 மி.மீ. ஒரு பெட்டி. சிவப்பை இன்று புதிதாக வாங்க வலுவான காரணம் எதுவும் இல்லை. பச்சை, பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். சாம்பல் முனை மெல்லிய தகட்டு வேலைக்கு அருமை, கனமான வேலைக்கு வேண்டாம்.

2 பங்கு என்ன செய்கிறது

சுத்த டங்ஸ்டனிலிருந்து ஓர் எலெக்ட்ரானை வெளியே எடுக்கச் சுமார் 4.5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதற்கு வெளியேற்று ஆற்றல் என்று பெயர். தோரியம் கலந்த டங்ஸ்டனில், அதாவது சிவப்பு முனை ராடில், அது 2.6 அளவுக்கு இறங்குகிறது. "பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் சூடான உலோகத்திலிருந்து வரும் எலெக்ட்ரான் ஓட்டம் இந்த எண்ணுக்கு அடுக்குக்குறியாகக் கட்டுப்பட்டது. ரிச்சர்ட்சன்–டஷ்மன் சமன்பாட்டில் பாடநூல் மாறிலிகளைப் போட்டுப் பார்த்தால், 2000 கெல்வினில் சுத்த டங்ஸ்டனின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு சுமார் 1 மில்லி ஆம்பியர் தரும். அதே சூட்டில் தோரியம் கலந்தது கிட்டத்தட்ட 3 ஆம்பியர் தரும். ஏறக்குறைய 3,000 மடங்கு.

வெல்டருக்கு இதன் பொருள் நேரடியானது. ஒரே ஆம்ப்ஸைக் குறைந்த சூட்டில் தர முடிகிற ராடின் நுனி உருகாது. கிரைண்டரில் கூராகப் பிடித்த பாயிண்ட் கூராகவே நிற்கும். ஹெச்.எஃப். பொறி, அதாவது ஆர்க்கைத் தொடங்கிவைக்கும் உயர் அதிர்வெண் பொறி, விழுந்த உடனே ஆர்க் பிடிக்கும். சுத்த டங்ஸ்டன் அதே ஆம்ப்ஸைத் தர 3422 டிகிரி செல்சியஸ் உருகுநிலைக்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. பச்சை ராடின் நுனி உருண்டையாவது அதனால்தான்.

கவனிக்க வேண்டியது, இந்த வேலையைச் செய்வது கம்பி முழுக்க இருக்கும் ஆக்சைடு அல்ல. நுனியின் மேற்பரப்பில் ஓர் அணு கனத்தில் படியும் படலம்தான் செய்கிறது. சூடான டங்ஸ்டன், தோரியம் ஆக்சைடில் சிறிதளவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தோரிய அணுக்களை விடுவிக்கிறது. அவை டங்ஸ்டன் படிக மணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகள் வழியே ஊர்ந்து வெளியே வந்து மேற்பரப்பில் பரவுகின்றன. பரவிய அணுக்கள் வெளிப்பக்கம் நேர்மின்னூட்டம் தெரியும்படி அமர்வதால் எலெக்ட்ரானுக்கு வெளியேறும் தடை குறைகிறது. சூட்டில் படலம் ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது, உள்ளிருந்து நிரம்பிக்கொண்டும் இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது எரிவதைவிடக் குறைந்தால் திரியே கருகுவது மாதிரி, ஊர்ந்து வருவது ஆவியாவதைவிடக் குறைந்தால் நுனி வெறும் டங்ஸ்டனாகி உருகத் தொடங்கும்.

தோரியம் ஆக்சைடை டங்ஸ்டனில் முதலில் சேர்த்தது எலெக்ட்ரானுக்காக அல்ல என்பது ஒரு வேடிக்கை. பல்பு இழை சூட்டில் மணி பெருத்து ஒடிந்துபோகாமல் இருக்கச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட இழை அளவுக்கு மீறி எலெக்ட்ரான் தருவதை ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூர் கவனித்து, 1923-இல் விரிவாக எழுதினார். இன்றும் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரானுக்குள் இருப்பது பெரும்பாலும் தோரியம் கலந்த டங்ஸ்டன் இழைதான். தோரியம் சீக்கிரம் தீராமல் இருக்க அதன் மேல் டங்ஸ்டன் கார்பைடு தோல் ஏற்றியிருப்பார்கள்.

சிவப்பு: நல்ல ராடு, கெட்ட தூசி

1.7 முதல் 2.2 சதவீதம் தோரியம் ஆக்சைடு. எஸ்.எஸ். பைப், பாய்லர் டியூப் ரூட் பாஸ் (அடியில் போடும் முதல் வெல்டு) என்று டி.சி.யில் ஓடும் வேலையெல்லாம் பல தலைமுறை வெல்டர்கள் இதில்தான் செய்தார்கள். அவர்கள் சொல்லும் பாராட்டில் பொய் இல்லை. தோரியம் ஆக்சைடின் உருகுநிலை 3300 டிகிரிக்கு மேல். மற்ற எந்த ஆக்சைடும் இந்த அளவுக்குச் சூடு தாங்காது. அதனால் 200 ஆம்ப்ஸுக்கு மேல் தொடர்ந்து ஓட்டினாலும் உள்ளிருக்கும் ஆக்சைடுக் கையிருப்பு மெதுவாகவே தீர்கிறது.

குறை இரண்டு. ஏ.சி.யில் அலுமினியத்துக்குப் போட்டால் நுனியில் ஒரே உருண்டை பிடிக்காமல் சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கிளம்பும். அதில் ஒன்று உடைந்து குட்டையில், அதாவது உருகிய உலோகத்தில், விழுந்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். டங்ஸ்டன் அலுமினியத்தைவிட ஏழு மடங்கு அடர்த்தி, கதிர் அதைத் தாண்டிப் போகாது. ஜாயிண்ட் ரிஜெக்ட்.

இரண்டாவது குறைதான் பெரிது. தோரியம்-232 கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. முக்கியமாக வெளிவிடுவது ஆல்பா துகள். அது தோலைத் தாண்டாது, ஒரு தாளே அதை நிறுத்திவிடும். எனவே ராடைக் கையில் பிடிப்பதிலும் பெட்டியை அலமாரியில் வைப்பதிலும் பயப்பட ஒன்றுமில்லை. பாயிண்ட் பிடிக்கும்போது பறக்கும் தூசி வேறு கதை. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கினால் நடுவே தாளும் இல்லை, தோலும் இல்லை. சிவப்பு ராடை இன்னும் பயன்படுத்துகிறவர்கள் உறிஞ்சி உள்ள கிரைண்டரில்தான் பிடிக்க வேண்டும். தூசியை ஏர் கன் வைத்து ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, துணியோடு சேர்த்து மூடிய பையில் போட வேண்டும். கிரைண்டர் பக்கத்தில் டிபன் பாக்ஸ் வைக்கும் பழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். வேலையின் தர ஆவணத்தில் சிவப்பு என்றே எழுதப்பட்டிருந்தால் வேறு வழியில்லை, எழுதியதைத்தான் போட வேண்டும். மாற்ற வேண்டுமானால் ஆவணத்தை மாற்றிய பிறகு.

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது, லாந்தனமும் சீரியமும் இருக்கின்றன. சிவப்பு, நீலம், சாம்பல் மூன்று முனைக்கும் வேண்டிய சரக்கு ஒரே கனிமத்துக்குள்.

நீலமும் தங்கமும்

தங்கத்தில் 1.5 சதவீதம் லாந்தனம் ஆக்சைடு, நீலத்தில் 2 சதவீதம். கறுப்பு முனையில் 1 சதவீதம். அது கடைகளில் இப்போது அரிது.

சிவப்பிலிருந்து மாறுகிறவர்களுக்குத் தங்கம் சுலபமான வழி. டி.சி.யில் அதன் நடத்தை சிவப்புக்கு மிக நெருக்கம், மெஷின் செட்டிங்கை மாற்ற வேண்டியதே இல்லை. நீலத்தில் கையிருப்பு கூடுதல் என்பதால் ஒருமுறை பிடித்த பாயிண்ட் அதிக நேரம் நிற்கிறது. அங்கங்கே புள்ளியாக ஆர்க் வைத்து வைத்து எடுக்கும் டாக் வேலையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழக வெல்டிங் ஆய்வாளர்கள் 1990 வாக்கில் தோரியம், லாந்தனம், சீரியம், யிட்ரியம் ராடுகளை அருகருகே எரித்துப் பார்த்தபோதும் லாந்தனம் முன்னால் நின்றது.

இன்வர்ட்டர் ஏ.சி.யில் நீலம் இன்னும் நன்றாக இருக்கிறது. பாயிண்டைக் கூராகப் பிடித்து, நுனியை மட்டும் அரை மி.மீ. தட்டையாக்கி, பேலன்ஸை (ராடு நெகட்டிவாக இருக்கும் நேரப் பங்கை) எலெக்ட்ரோடு நெகட்டிவ் பக்கம் 70 சதவீதம், ஃப்ரீக்வென்சியை 100 முதல் 120 ஹெர்ட்ஸ் வைத்தால், நுனி லேசாக மழுங்குமே தவிர உருண்டையாகாது. ஆர்க் குவிந்து நிற்பதால் அலுமினியத்தில் மூலை வெல்டுக்குள் போகிறது. பேலன்ஸை 50-க்கு இறக்கினால் எந்த நிற ராடும் உருண்டையாகும். ராடைக் குறை சொல்லிப் பயனில்லை. எலெக்ட்ரோடு பாசிட்டிவ் பாதியில் எலெக்ட்ரான்கள் ராடுக்குள் வந்து மோதுகின்றன, சூட்டின் பெரும்பகுதி அங்கே இறங்குகிறது.

லாந்தனத்துக்கும் குறை உண்டு. அதன் ஆக்சைடு சுமார் 2300 டிகிரியிலேயே உருகிவிடும். 2.4 மி.மீ. ராடை 250 ஆம்ப்ஸுக்கு மேல் நீண்ட சீமில் தொடர்ந்து ஓட்டினால் நுனிக்கு ஓரிரு மி.மீ. மேலே விளிம்பு கட்டிய மாதிரி ஒரு வளையம் எழும்பும். நுனியிலிருந்து போனது அங்கே படிந்தது அது. வளையம் வந்த பிறகு ஆர்க் சில நேரம் நுனியை விட்டு வளையத்துக்குத் தாவும். அடுத்த தடிமனுக்கு, அதாவது 3.2-க்குப் போவதுதான் மருந்து.

சாம்பல், பச்சை, வெள்ளை, ஊதா

சாம்பல் முனை, 2 சதவீதம் சீரியம் ஆக்சைடு. குறைந்த ஆம்ப்ஸில் இதைவிட நன்றாகப் பிடிக்கும் ராடு இல்லை. 10, 15 ஆம்ப்ஸில் மெல்லிய எஸ்.எஸ். தகடு, நகை, மருத்துவக் கருவி, ஆர்பிட்டல் டியூப் வெல்டிங் இதெல்லாம் இதன் இடம். சீரியம் நுனிக்கு வேகமாக ஊர்ந்து வருவதுதான் இதன் பலமும் பலவீனமும். உடனே ஆர்க் பிடிக்கிறது. ஆனால் ஆம்ப்ஸ் ஏறினால் அதே வேகத்தில் தீர்ந்தும் போகிறது. காலையில் அருமையாக இருந்த ராடு மதியம் ஆர்க் பிடிக்கத் தயங்குகிறது என்றால், கனமான வேலைக்குச் சாம்பலைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கொஞ்சம் அரைத்துப் புதுப் பரப்பைத் திறந்தால் மறுபடி சரியாகும்.

பச்சை சுத்த டங்ஸ்டன். 50 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் அலுமினியம் செய்ய மட்டும். உருண்டை ராடின் தடிமனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் ஆம்ப்ஸ் அதிகம். இன்வர்ட்டரில் இதைப் போடுவது வீண்.

வெள்ளை முனை, 0.7 முதல் 0.9 சதவீதம் ஸிர்கோனியம் ஆக்சைடு. ஏ.சி. அலுமினியத்தில் உருண்டை உடையாமல் நிற்கும், டங்ஸ்டன் துணுக்கு குட்டையில் விழக் கூடாத எக்ஸ்ரே வேலைக்கு உகந்தது. டி.சி.க்கு வேண்டாம்.

ஊதா முனை என்று இன்று கிடைப்பது பொதுவாக லாந்தனத்தோடு துளி ஸிர்கோனியமும் யிட்ரியமும் சேர்ந்த மூன்று ஆக்சைடுக் கலவை. நன்றாகவே ஓடுகிறது, நீலத்தைவிட விலை கூட இருந்தால் மாற வேண்டிய அவசியமில்லை. ஆனால் பழைய சரக்கு விற்கும் இடங்களில் கவனம் வேண்டும். பழைய ஐரோப்பிய நிற முறையில் ஊதா என்றால் 3 சதவீதம் தோரியம். ஆரஞ்சு இன்னும் குழப்பம்: பழைய ஐரோப்பிய முறையில் 4 சதவீதம் தோரியம், பழைய அமெரிக்க முறையில் சீரியம். நிறத்தை நம்பாமல் பெட்டியில் அச்சிட்ட குறியைப் படியுங்கள். டபிள்யூ.எல். என்று இருந்தால் லாந்தனம், டபிள்யூ.டி. தோரியம், டபிள்யூ.சி. சீரியம், டபிள்யூ.இசட். ஸிர்கோனியம், டபிள்யூ.பி. சுத்தம். பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பத்தால் வகுத்தால் சதவீதம். ஸிர்கோனியத்தில் 8 என்றால் 0.8.

ஒரே நீலம், இரண்டு தரம்

இதுதான் விமர்சனத்தில் சிக்கலான இடம். இரண்டு பெட்டியும் நீலம், இரண்டிலும் 2 சதவீதம் என்றே அச்சு. ஒன்று நாள் முழுக்க நிற்கிறது, மற்றது அரை மணியில் தடுமாறுகிறது. ஏன்?

டங்ஸ்டனை உருக்கி வார்ப்பதில்லை. டங்ஸ்டன் ஆக்சைடுப் பொடியிலிருந்து ஹைட்ரஜனால் ஆக்சிஜனை நீக்கி, அச்சில் அமுக்கி, சூட்டில் இறுக வைத்து, சுற்றிச் சுற்றி அடித்து நீட்டிக் கம்பியாக்குகிறார்கள். ஆக்சைடைச் சேர்க்க இரண்டு வழி. லாந்தனம் நைட்ரேட் கரைசலை டங்ஸ்டன் ஆக்சைடுப் பொடியில் ஊற்றி உலர்த்தி, அதன் பிறகு ஹைட்ரஜனில் டங்ஸ்டனாக்கினால் லாந்தனம் ஆக்சைடு மிக நுண்ணிய துகளாக எங்கும் பரவும். காய்ந்த லாந்தனம் ஆக்சைடுப் பொடியையே டங்ஸ்டன் பொடியில் போட்டுக் கலக்கினால் செலவு மிச்சம், ஆனால் இங்கே ஒரு கட்டி, அங்கே வெறுமை. கட்டி நுனிக்கு வரும்போது ஆர்க் ஒருபக்கம் இழுக்கும், வெறுமை வரும்போது நுனி உருகும். அரைக்க அரைக்கக் குணம் மாறுகிற ராடு என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வாங்கிய பெட்டியைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரே பெட்டியில் மூன்று ராடு எடுத்து ஒரே கோணத்தில் பாயிண்ட் பிடியுங்கள். டி.சி.யில் 15 ஆம்ப்ஸ் வைத்து, 1.6 மி.மீ. ராடால் எஸ்.எஸ். தகட்டில் ஐந்து நொடி ஆர்க், பத்து நொடி ஓய்வு என்று இருபது முறை வையுங்கள். ஒவ்வொரு முறையும் உடனே பிடிக்க வேண்டும். ஹெச்.எஃப். சரசரவென்று சத்தமிட்டபடி ஆர்க் வராமல் தாமதித்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 2.4 மி.மீ.-ஐக் கனமான தகட்டில் 150 ஆம்ப்ஸில் ஐந்து நிமிடம் எரித்து, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில் நுனியைப் பாருங்கள். நல்ல ராடு வெள்ளி மாதிரி மினுங்கும், தட்டை முகம் லேசாக மட்டும் விரிந்திருக்கும். காலிஃப்ளவர் மாதிரி பொங்கிய மொட்டு, நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு, ஒருபக்கம் மட்டும் உருகிய நுனி, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த லாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று ராடும் மூன்று விதமாக இருந்தால் அது இன்னும் மோசம்.

பச்சை ராடுக்கு நீலப் பெயின்ட் அடித்து விற்கிறார்களோ என்ற சந்தேகத்துக்குத் தராசு பதில் சொல்லும். சுத்த டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. 2 சதவீதம் லாந்தனம் ஆக்சைடு சேர்ந்தால் கணக்குப்படி 18.6. ஒற்றை ராடை எடை போட்டு முடிவு செய்யக் கூடாது, 2.4 மி.மீ. ராடில் தடிமன் 0.05 மி.மீ. மாறினாலே எடை 4 சதவீதம் மாறிவிடும். பத்து ராடையும் மெல்லிய நூலில் கட்டி, 0.01 கிராம் காட்டும் தராசில் காற்றில் ஒருமுறை, நீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை எடுங்கள். காற்றில் வந்த எடையை, நீரில் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி. 175 மி.மீ. நீளப் பத்து ராடு காற்றில் சுமார் 147 கிராம், நீரில் சுமார் 7.9 கிராம் குறையும் என்றால் உள்ளே லாந்தனம் இருக்க வாய்ப்பு அதிகம். ராடுகளுக்கு இடையில் காற்றுக் குமிழி மாட்டினால் கணக்கு கெடும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு நன்றாகக் குலுக்குங்கள். இந்தச் சோதனை பச்சையையும் நீலத்தையும் பிரிக்கும். நீலத்தையும் சாம்பலையும் பிரிக்காது, இரண்டும் 18.6-க்குப் பக்கத்திலேயே நிற்கும்.

ராடு நல்லது, பிடித்த விதம் கெட்டது

புகார்களில் பெரும்பகுதி கிரைண்டரில் பிறக்கிறது. அரைத்த கீறல் ராடின் நீளவாக்கில் இருக்க வேண்டும். குறுக்காகப் பிடித்தால் வளையம் வளையமாக மேடு விழும். எலெக்ட்ரான் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் கிளம்பி ஆர்க் நடுங்கும், மேடு உடைந்து குட்டையில் விழும். டயமண்ட் வீல் டங்ஸ்டனுக்கென்றே தனியாக இருக்கட்டும். எம்.எஸ். தேய்த்த கல்லில் பிடித்தால் இரும்புத் துகள் நுனியில் ஒட்டி, முதல் சில நொடிகள் பொறி தெறிக்கும்.

கூம்பின் நீளம் தடிமனைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. 2.4 மி.மீ.-க்கு 5 முதல் 6 மி.மீ. வரும், கோணம் 23 முதல் 28 டிகிரி. 150 ஆம்ப்ஸுக்கு மேல் ஊசி நுனி வேண்டாம். கால் முதல் அரை மி.மீ. தட்டையாக்காவிட்டால் அந்த ஊசியே முதலில் உருகிக் குட்டையில் சேரும். ராடை இடுக்கியால் ஒடிக்கக் கூடாது. அடித்து நீட்டிய கம்பி என்பதால் மணிகள் நார் போல நீளவாக்கில் கிடக்கின்றன. ஒடித்தால் உள்ளே வெடிப்பு ஓடும், கண்ணுக்குத் தெரியாது, சூட்டில்தான் பிளக்கும். மெல்லிய டிஸ்கால் சுற்றிலும் கீறிவிட்டு உடைக்கலாம்.

நுனி நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ராடில் குறை இல்லை, காற்று பட்டிருக்கிறது. சூடான டங்ஸ்டன் ஆக்சிஜனைக் கண்டால் டங்ஸ்டன் ஆக்சைடாகி ஆவியாகப் பறக்கும், கூடவே மேற்பரப்புப் படலமும் போய்விடும். அடுத்த ஆர்க் தயங்குவது அதனால். போஸ்ட் ஃப்ளோவை (ஆர்க் அணைந்த பிறகும் காஸ் வரும் நேரத்தை) 10 ஆம்ப்ஸுக்கு ஒரு நொடி, குறைந்தது 8 நொடி வையுங்கள். ஆர்க் அணைந்ததும் டார்ச்சைத் தூக்கிவிடாமல் அங்கேயே நிறுத்துங்கள். காஸ் நிமிடத்துக்கு 8 முதல் 12 லிட்டர். 20 வைத்தால் பாதுகாப்பு கூடும் என்பது தப்பு, சுழல் கிளம்பிக் காற்றை உள்ளே இழுக்கும். செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் நுனி கறுத்தால் பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், வெடித்த ஓ-ரிங் செய்யும் சேட்டை இது.

ஃபில்லர் (வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) பட்டாலோ குட்டையில் தொட்டாலோ அந்தப் பகுதியை முழுதாக வெட்டிவிட்டுப் புதிதாகப் பாயிண்ட் பிடியுங்கள். மேலாக அரைத்தால் உருகிய அலுமினியம் மணி எல்லைக்குள் மிச்சம் இருக்கும்.

தடிமன் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பவர்கள் 2.4-ஐயே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். டி.சி.யில் அதன் இயல்பான எல்லை 150 முதல் 250 ஆம்ப்ஸ். கூராகப் பிடித்தால் 60, 70 வரை சமாளிக்கும். 20 ஆம்ப்ஸில் நுனி போதிய சூடேறாது, எலெக்ட்ரான் ஒரு புள்ளியில் நிலைக்காமல் அங்குமிங்கும் தாவும், ஆர்க் அலையும். அதைப் பார்த்துவிட்டு ராடு மட்டம் என்று எழுதுகிறார்கள். 70 முதல் 150 வரை 1.6, அதற்குக் கீழே 15 வரை 1.0 என்பதுதான் முறை. 250-க்கு மேல் 3.2.

விலையைப் பொறுத்தவரை, மட்டமான பெட்டிக்கும் தரமான பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 7 கன மீட்டர் ஆர்கான் சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 12 மணி நேரம்கூட முழுதாக வராது. தயங்கும் ராடு ஒவ்வொரு முறையும் ப்ரீ ஃப்ளோ, போஸ்ட் ஃப்ளோ என்று காஸைத் தின்கிறது, பாயிண்ட் பிடிக்க வெல்டரின் நேரத்தையும் தின்கிறது. மேற்பரப்பு சாணை பிடித்துப் பளபளப்பாக இருக்கும் ராடையே கேளுங்கள். டார்ச்சுக்குள் ராடைப் பிடிக்கும் காலெட்டில் நன்றாகப் பதிந்து, சூடும் கரன்ட்டும் தடையில்லாமல் போகும். லாட் எண் அச்சிடாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், நன்றாக ஓடியது என்று அடுத்த முறை அதையே கேட்டு வாங்கவும் முடியாது, கெட்டது என்று திருப்பவும் முடியாது. பாயிண்டை எப்போதும் பெயின்ட் இல்லாத முனையிலேயே பிடியுங்கள். பெயின்டை அரைத்துவிட்டால் பெட்டியில் கலந்து கிடக்கும் சிவப்பையும் நீலத்தையும் பிரிக்க எந்தக் கண்ணாலும் முடியாது.